மச்சினனுக்காகப் போன கூட்டம்

ஜூன் 3, செவ்வாய்

ஹேர் டை ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக என் சலூன் அலமாரியில் சும்மா கிடந்தது. செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. பொழுது போகாமல் எடுத்து உட்கார்ந்தேன். எழுத விஷயமும் இன்றைக்கு வசமாகக் கிடைத்தது. என் மச்சினன் இசக்கிராஜ் குடிக்கிறானாம்.

சொன்னது என் மனைவி சொர்ணம். காலையில் தட்டில் இட்லியை வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

“தம்பி ரொம்பக் குடிக்கான். ஆவணி பதிமூணு கல்யாணத்த வச்சிக்கிட்டு இப்படி இருந்தான்னா பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாங்க? நீங்க மூத்த மாப்பிள்ளை. நீங்க சொன்னாத்தான் கேப்பான். குடிய நிறுத்தினவங்க எல்லாம் சேந்து கூட்டம் போடுதாங்களாம். எங்கன்னு விசாரிச்சுக் கூட்டிட்டுப் போங்க.”

எனக்கு நம்பவே முடியவில்லை. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் பயல், சோடா குடித்தாலே கண் கலங்குகிறவன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவன் கல்யாணத்தில் எனக்கும் ஒரு காரியம் இருக்கிறது. முதல் நாள் மாப்பிள்ளை சவரம். எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் கத்தி பிடிக்கிறவர்கள்தான், ஆனாலும் மாப்பிள்ளைக்கு அக்காள் புருஷன்தான் சவரம் செய்யவேண்டும். பதினோரு மாப்பிள்ளைகளுக்கு இந்தக் கை செய்திருக்கிறது. இந்தத் தடவை என் மாமியார் தென்காசியிலிருந்து வேறு ஆளைச் சொல்லி வைக்கப்போகிறாராம். என் பழைய வாடிக்கைக்காரர் ஞானமணி சார் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. அது ஒன்றுமே இல்லை. சவரம் செய்யும்போது சார் தலையை ஆட்டிவிட்டார், காதுக்குக் கீழே மூன்று தையல். இதைப் போய் ஊர் முழுக்கப் பேசுகிறார்கள்.

சொந்த மச்சினன் கழுத்தை இன்னொருத்தன் கத்திக்கு விட்டுக்கொடுத்தால் நான் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோசனம்? முதலில் பயலின் குடியை நிறுத்துகிறேன். மாமியார் தானாக வழிக்கு வருவார்.

ஜூன் 5, வியாழன்

நான்கு முடிவெட்டு. சவரம் ஒன்றுகூட இல்லை. இந்த வெயிலிலும் பாளையங்கோட்டைக்காரர்கள் எல்லோரும் தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

டீ வாங்கப் போனபோது ஒரு ஆட்டோவின் முதுகில் பார்த்தேன். ‘குடிப்பது உங்கள் இஷ்டம். நிறுத்த விரும்பினால் எங்களைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதி ஒரு நம்பர். எழுத்து பாதி அழிந்திருந்தது. ஆட்டோ கிளம்பிவிட, சிக்னல் வரை ஓடிப்போய் கடைசி இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டேன். மச்சினனுக்காக மனிதன் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது!

கடைக்கு வந்து அந்த நம்பரைக் கூப்பிட்டேன். “வணக்கம், சொல்லுங்க அண்ணாச்சி” என்றது ஒரு குரல். பின்னால் இரும்பைக் கடைகிற சத்தம்.

“எனக்கில்ல. என் மச்சினனுக்கு.”

இரும்புச் சத்தம் நின்றது.

“சரி அண்ணாச்சி. ரெண்டு பேருமா வாங்க. செவ்வாக்கிழம சாயங்காலம் ஆறு மணி.” ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். கட்டணம் கிடையாது, கையெழுத்து கிடையாது, அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்றார். அதனால் டைரியிலும் அவர் பெயரை எழுதப்போவதில்லை. லேத் பட்டறை வைத்திருக்கிறார். லேத்துக்காரர் என்றே எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கீழே ஒரு வகுப்பறையில் விளக்கு எரிந்தது. நானும் இசக்கிராஜும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒருவர் எழுந்து, “ரெண்டு மாசமாத் தொடல. போன வாரம் ஒரு கல்யாண வீட்ல கை நீட்டிட்டேன்” என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இன்னொரு அம்மா, “வீட்ல எங்க ஒளிச்சு வச்சாலும் மோப்பம் பிடிச்சு எடுத்துருதேன்” என்று அழுதார். பொம்பளைகளுக்குமா இந்த நிலைமை என்று எனக்கு நெஞ்சே அடைத்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து என் விரலில் ஊசி குத்தினார். அப்போதுதான் தெரிந்தது, அது சர்க்கரை வியாதிக்காரர்கள் கூட்டம். நம் கூட்டம் மாடியில். ஏறிப் போனால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜ் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குச் சர்க்கரை இல்லையாம். அந்த மட்டும் லாபம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்குச் சரியான மாடி. பதினான்கு பேர், வட்டமாக நாற்காலி.

என் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு. கன்னத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். தாடைக்குக் கீழே திட்டுத்திட்டாக முடி விட்டுப்போய், இரண்டு வெட்டுக்காயத்தில் காகிதம் ஒட்டி வந்திருந்தவர் புதுசு. வழவழவென்று இருந்தவர்கள் பழையவர்கள். லேத்துக்காரருக்கு என்னைவிட எட்டு வயதாவது குறைவாக இருக்கும். அவர் கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. குடியை விட்டு ஆறு வருஷமாம். சவரக்காரன் நானே வளர்த்து வைத்திருக்கும் தாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லலாம் என்றிருந்தேன். சொர்ணத்திடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார்கள். உடனே எல்லோரும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லி ‘வாங்க’ என்கிறார்கள். இசக்கிராஜ் காதெல்லாம் சிவக்க எழுந்து, “இசக்கிராஜ். நானும் அதுதான்” என்று முணுமுணுத்து உட்கார்ந்தான். அடுத்து நான்.

“நான் கொம்பையா. இசக்கிராஜோட அத்தான்.”

“வாங்க கொம்பையா” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முடிவில் டீ கொடுத்தார்கள். இசக்கிராஜ் விளிம்புவரை நிறைந்த டம்ளரை இரண்டு விரலால் எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். இளரத்தம், எவ்வளவு குடித்தாலும் கை நிற்கிறது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டீ நல்ல சூடு.

பஸ்ஸில் அவனைக் கேட்டேன். “ஏல, தெனமும் எவ்வளவு?”

“ஒரு எட்டு குவாட்டர் இருக்கும் அத்தான்.”

எட்டா! பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.

ஜூன் 24, செவ்வாய்

இசக்கிராஜுக்குக் கடையில் வேலையாம். நான் மட்டும் போனேன். யாராவது ஒருவர் போய்க் கேட்டு வந்து அவனுக்குச் சொல்ல வேண்டுமே.

ஒரு பஸ் கண்டக்டர் பேசினார். பாட்டிலை அரிசி டிரம்மில் புதைத்து வைப்பாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கடையில் கொஞ்சம் வைத்திருக்கிறேன், டெட்டால் பாட்டிலில். ஆனால் அது ஒளித்து வைப்பது ஆகாது. கண்ணாடிப் பாட்டில் என்றால் கீழே விழுந்து உடைந்துவிடும்.

ஜூன் 28, சனி

காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, “ஷேவிங்” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சவரம். நுரை போட்டேன். புது பிளேடு மாட்டினேன். கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனேன். கை நிற்கவில்லை. கண்ணாடியில் அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“பிளேடு சரியில்ல, மாத்திட்டு வாரேன்” என்று தட்டிக்குப் பின்னால் போனேன். டெட்டால் பாட்டிலில் இரண்டு மடக்கு. கை நின்றது. திரும்பி வந்தால் நாற்காலி காலி. நுரையைத் துடைத்த துண்டு கைப்பிடியில் கிடந்தது. சவரம் செய்யாத முகத்தோடு அப்படியே எழுந்து போயிருக்கிறார்.

இருபத்தாறு வருஷத் தொழிலில் இப்படி வெட்கப்பட்டது இல்லை. கடையை அப்போதே பூட்டிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கும் தனியாகத்தான் போனேன். “நான் கொம்பையா, இசக்கிராஜோட அத்தான்” என்றேன். “வாங்க கொம்பையா” என்றார்கள். உட்கார்ந்திருக்க வேண்டியவன் உட்காரவில்லை. என் வாய் தானாகப் பேசியது.

“ஞானமணி சார் தலைய ஆட்டல. அவரு சிலை மாதிரிதான் இருந்தாரு.”

அதற்குமேல் வரவில்லை. பக்கத்திலிருந்த கண்டக்டர் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். யாரும் புத்தி சொல்லவில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கினார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் லேத்துக்காரர் சொன்னார்: “அண்ணாச்சி, வீராப்பா இன்னைக்கே நிறுத்திராதீங்க. பழகின உடம்பு, திடீர்னு விட்டா வலிப்பு வந்துரும். காலைல டாக்டர்ட்ட போவோம், நான் வாரேன்.”

இசக்கிராஜுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, புதன்

வயிற்றுக் கோளாறு. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். போன பக்கத்தில் வயிற்றுக் கோளாறு என்று எழுதியது பொய். வேறு யாரும் படிக்காத டைரிக்கே பொய் சொல்லியிருக்கிறேன், நான் எப்பேர்ப்பட்ட ஆள்! குடிக்காமல் எட்டாவது நாள். முதல் மூன்று நாள் போர்வைக்குள் பூச்சி ஊர்வதாகக் கத்தினேனாம். சொர்ணம் ஒவ்வொரு தடவையும் போர்வையை உதறிக் காட்டினாளாம். எனக்கு எதுவும் நினைவில்லை.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அத்தான் நிறுத்தினால் மச்சினனும் நிறுத்துவான். அவனுக்கு வழிகாட்டத்தான் இவ்வளவும்.

ஜூலை 15, செவ்வாய்

முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் தாடியை நானே எடுத்தேன். அவருக்கு நான் எதையும் வேண்டிக்கொள்ளவே இல்லை. சின்னக் கீறல் ஒன்று, அவ்வளவுதான். சொர்ணம் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் ஞானமணி சார் வீட்டுக்குப் போனேன். தழும்பு தெரிந்தது. “நீங்க தலைய ஆட்டல சார். நான்தான் குடிச்சிருந்தேன்” என்றேன். “எனக்குத் தெரியும் கொம்பையா” என்றார். மோர் கொடுத்தார். பேரன் படிப்பைப் பற்றிப் பேசினார். இனிமேல் கடைக்கு வாங்க என்று நான் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது சைக்கிள் லேசாகப் போனது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொர்ணம் பிறந்த வீட்டுச் சுடலைமாடன் கோயிலில் கொடைத் திருவிழா. குடிக்காமல் எனக்கு முப்பத்தோராவது நாள்.

மதியக் கொடை முடிந்ததும் படையலைப் பங்கு வைத்தார்கள். மாடனுக்குச் சுருட்டும் பிராந்தியும் வைப்பது வழக்கம். வீட்டு ஆண்களுக்கு ஆளுக்கொரு டம்ளர். சாமி எடுத்த மிச்சம், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. எனக்கு இசக்கிராஜை நினைத்துத்தான் கவலை. அவன் பக்கத்திலேயே காவல் நின்றேன்.

“கல்யாண மாப்பிள்ளைக்கு மொதல்ல” என்று பூசாரி அவன் கையில் டம்ளரைத் திணித்தார். நான் தடுப்பதற்குள் பயல் வாயில் வைத்துவிட்டான். ஒரே மடக்கு. கண் பிதுங்கி, இருமி, வாந்தியெடுத்துப் புது வேட்டியை நாசம் செய்துவிட்டான்.

“ஐயோ அக்கா!” என்று அலறினான். “இந்தக் கருமத்தையா அத்தான் தெனமும் குடிக்காங்க?”

கோயில் முழுக்கக் கேட்டது. சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மாமியார் தூணைப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னை ஆட்டி வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் அடுத்த டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது. வாசனை மூக்கில் ஏறியது. என்னை இவ்வளவு பெரிய முட்டாளாக்கினார்களே, இவர்களுக்காக நான் எதற்கு ஒழுக்கமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். குடித்துவிடத்தான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. டம்ளரோடு கோயிலுக்குப் பின்னால் போய், இன்னொரு கையால் லேத்துக்காரரைக் கூப்பிட்டேன்.

“என்னை ஏமாத்திட்டாங்க. என் மச்சினன் குடிக்கிறவனே இல்ல.”

“தெரியும் அண்ணாச்சி.”

“உமக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். அவரு டீ குடிச்ச கையப் பாத்தா தெரியாதா?”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா மறுவாரம் வந்திருப்பியளா? நானும் எங்க அண்ணனுக்காகத்தான் கூட்டத்துக்குப் போனேன். மூணு மாசம் போனேன்.” இரும்புச் சத்தம் நின்றது. “எனக்கு அண்ணனே கிடையாது.”

எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. முதலில் நான், பிறகு அவர். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். கை ஆடியதில் பாதி டம்ளர் சிந்திவிட்டது. மீதியைப் பீடத்தின் பின்பக்கம் ஊற்றினேன். மாடா, உன் பங்கை நீயே வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் கேட்டேன்.

“உங்களுக்காகன்னு சொன்னா கெளம்புவியளா?” என்றாள். “மச்சினனுக்காகன்னா மலையே ஏறுவிய. உங்க கவுரவம் எனக்குத் தெரியாதா?”

“என்னைக்கு இந்த யோசனை வந்துச்சு?”

“ஞானமணி சார் ரத்தத்த உங்க சட்டையிலருந்து தொவைச்ச அன்னைக்கு.”

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

“நான் கொம்பையா. நான் ஒரு குடிநோயாளி.”

“வாங்க கொம்பையா.”

இவ்வளவுதான். இதைச் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன்! இறக்கி வைத்த பிறகுதான் கனம் தெரிகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். தென்காசிக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டதாம். “மாப்பிள திருந்தினதுல சந்தோசம். ஆனா கழுத்து என் பிள்ளையோடது” என்று சொல்லியனுப்பியிருக்கிறார். கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

தொழில் பழகும்போது செய்ததை மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். பலூனை ஊதி, நுரை பூசி, கத்தியால் வழிப்பது. பலூன் உடையக்கூடாது. இன்றைக்கு நான்கு உடைந்தது. பக்கத்துக் கடைக்காரர், “என்ன அண்ணாச்சி, காலங்காத்தாலேயே வெடியா?” என்று எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினைந்து பலூன். ஒன்றுகூட உடையவில்லை. கூட்டத்தில் சொன்னேன், கைதட்டினார்கள். கண்டக்டர் நாளைக்கே சவரத்துக்கு வருகிறேன் என்கிறார். பலூனுக்கு அம்மா கிடையாது என்பதுதான் எனக்குக் கவலை.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை எட்டு மணிக்கு மாமியார் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். தென்காசிக்காரர் பெட்டியோடு வந்து நின்றார். நல்ல மனிதர், எனக்கும் வணக்கம் சொன்னார். நானும் என் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். சும்மா இருக்கட்டும் என்றுதான்.

இசக்கிராஜ் வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கல்யாண வேலையில் இரண்டு நாளாகப் பயல் தூங்கவில்லையாம். தென்காசிக்காரர் துண்டை எடுத்தார்.

“அத்தான் செய்யட்டும்” என்றான் இசக்கிராஜ்.

முற்றமே மாமியாரைப் பார்த்தது. அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆடியது.

மறைக்க நினைத்திருந்தால் பாக்கெட்டுக்குள் விட்டிருக்கலாம். நான் நீட்டியே காட்டினேன்.

“நடுங்குது அத்தை. இது குடி இல்ல, பயம். இன்னைக்கு அம்பத்தெட்டாவது நாளு. நுரை போடுதேன். அதுக்குள்ள நின்னா கத்தி எடுப்பேன். நிக்கலன்னா அவரே செய்யட்டும், எனக்கு வருத்தம் இல்ல.”

மாமியார் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தென்காசிக்காரர் ஒதுங்கி நின்றார். பிரஷ்ஷை எடுத்து மெதுவாகச் சுற்றினேன். வலது கன்னம், தாடை, இடது கன்னம், கழுத்து. மறுபடியும் வலது கன்னம். அவசரமே படவில்லை. மூன்றாவது சுற்றில் கை நின்றது.

புது பிளேடு மாட்டினேன். காதோரத்திலிருந்து முதல் இழுப்பு. பெண்கள் குலவையிட்டார்கள். வலது கன்னம் முடிந்தது. மாமியார் நாற்காலியின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார், அவர் மூச்சு என் தோளில் பட்டது. நாடியை நிமிர்த்திக் கழுத்தில் கத்தியை வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. இசக்கிராஜ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் என் கத்தி இருக்கும்போதே, வாய் லேசாகத் திறந்து, கைகள் தொங்க, அயர்ந்து தூங்கிவிட்டான்.

இன்னொரு குலவைக்கு வாயெடுத்தவர்களை மாமியார் கையமர்த்தினார். பிறகு என் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மெதுவாச் செய்யுங்க மாப்பிள. எழுப்பிராதீங்க, பாவம்.”

எழுப்பாமலே இடது கன்னத்தையும் முடித்தேன்.